இடது கால் செருப்பு

பிப்ரவரி 5, வியாழன்

இந்த டைரி வருங்காலச் சம்பந்தியின் டைல்ஸ் கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'எங்கள் தரையில் கால் வழுக்காது' என்று அச்சடித்திருக்கிறது. ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? ஏறியது, இறங்கியது, நடுவில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

இன்று ஒரு விசேஷம். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குச் சம்பந்தி தயாபரன் சார் பாஸ் அனுப்பியிருக்கிறார். அவர் லீக் கமிட்டியில் துணைத் தலைவர். பாஸ் நிழல் பக்கத்துக்கு.

எங்கள் மைதானத்தில் இரண்டு பக்கம் உண்டு. மேற்கே கூரை, நாற்காலி, ஃபேன். அது நிழல் பக்கம். கிழக்கே மொட்டைச் சிமெண்ட் படிகள். அது வெயில் பக்கம், கேலரி. நான் பிறந்து வளர்ந்த கால்வாய்க்கரையில் எவனும் நிழல் பக்கம் உட்கார்ந்ததில்லை. நாலு வருடம் முன்பு கொளத்தூர் ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும் நான் ஞாயிறானால் கேலரிக்குத்தான் ஓடுவேன். ஆறு மாதமாகப் போகவில்லை. மகள் இலக்கியாவுக்கு வரன் பேச ஆரம்பித்ததிலிருந்து.

கேலரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தால் மொத்தப் பேரும் இடது கால் செருப்பைக் கழற்றி, அடிப்பாகம் பந்தடிக்கிறவன் கண்ணில் படும்படி தூக்கிப் பிடிப்போம். லாரிக்கு முன்னால் திருஷ்டிக்குச் செருப்பு கட்டுகிறார்களே, அது மாதிரி. ஆனால் ஒரு சட்டம்: செருப்பு கையை விட்டுப் போகக் கூடாது. போனால் அந்த ஆள் ஒரு சீசன் முழுக்க வெறுங்காலோடு முதல் படியில் உட்கார வேண்டும். மாலை நாலு மணிக்கு அந்தப் படி தோசைக்கல். சட்டம் போட்டவர் என் சிநேகிதன் கஜபதியின் அப்பா. நான் அறிந்து தண்டனை வாங்கியவர் ஒருத்தர்தான், அவரும் கஜபதியின் சித்தப்பா.

கஜாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு ஒரே பீடி. அவன் இப்போது அந்த மைதானத்தில் தினக்கூலிக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறான், வலை கட்டுகிறான். புல்லில் செருப்போடு கால் வைக்க மாட்டான், கோயில் மாதிரி.

இலக்கியா கறுப்பு ஷூ வாங்கி வந்திருக்கிறாள். கூடவே ஒரு பட்டியல்: விசில் அடிக்கக் கூடாது, ரெஃப்ரியின் குடும்பத்தைப் பேச்சில் இழுக்கக் கூடாது, தயாபரன் சாரைச் சார் என்று கூப்பிடக் கூடாது, சம்பந்தி என்று கூப்பிட வேண்டும். பூ வைத்தாகிவிட்டது, அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். வங்கியில் அவளோடு வேலை செய்கிற பையன், நல்ல பையன். அவன் வீட்டில் சமையலறைக்கே தனியாக ஏ.சி. இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

போனோம், வந்தோம். எங்கள் கால்வாய்க்கரை லெவன்ஸ் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது. ஷூ இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. கட்லெட் கொடுத்தார்கள். முள்கரண்டியில் சாப்பிட்டேன், ஒரே ஒரு துண்டுதான் மடியில் விழுந்தது. கடைசியில் எதிரணிக்குப் பெனால்டி, நம்ம கோலி பாய்ந்து பிடித்துவிட்டான். அந்தக் களேபரத்தில் ஏதோ வந்து விழுந்து லைன்ஸ்மேனுக்குக் காதோரம் கிழிந்துவிட்டது. இரண்டு தையலாம். கூட்டம் என்றால் அப்படித்தான்.

உள்ளே போகும்போது கஜா கார்னர் கொடிப் பக்கம் கோடு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சுண்ணாம்புக் கையைத் தூக்கினான். சம்பந்தி என் தோளில் கை போட்டிருந்தார். நான் கர்ச்சீஃப் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வியர்க்கவில்லை. அங்கே ஃபேன் இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

அண்ணா நகரில் ஒரு அப்பார்ட்மெண்ட். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றால் கதவு திறக்கவில்லை. சென்சாரில் பல்லி.

ரிப்பேர் முடித்து ஏற்றி இறக்கிப் பார்க்கும்போது இரண்டு பேர் ஏறினார்கள். நேற்றைய ஆட்டத்தைத்தான் பேசினார்கள். லைன்ஸ்மேன்மேல் செருப்பு வீசிவிட்டார்களாம், ரப்பர் செருப்பாம், கேலரிக் கும்பல் வேறு எப்படி இருக்கும், குடித்துவிட்டு வருகிறவர்கள். ஒருத்தர் என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார். கட்டுப்பாடு இல்லை சார் என்றேன். ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

மைதானத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். போனில் படம் வந்தது. 'கேலரி ரசிகர்கள் நடுவர் மீது செருப்பு வீசிய காரணத்தால் கேலரி நுழைவாயில் மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது.'

பிப்ரவரி 10, செவ்வாய்

கோமளா துவைக்க வேண்டும் என்று என் துணிப்பையை உதறினாள். உள்ளிருந்து என் பழைய ரப்பர் செருப்பு விழுந்தது. வலது கால் மட்டும். ஷூ கடித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போனது.

"இதோட ஜோடி எங்க?"

பஸ்ஸில் விழுந்திருக்கும் என்றேன்.

"சம்பந்தி கார்லதான போய் வந்தீங்க."

நான் பையை வாங்கி இன்னொரு தடவை உதறினேன். அவள் மேலே கேட்கவில்லை. இருபத்தைந்து வருடக் கல்யாண அனுபவத்தில் சொல்கிறேன், கோமளா கேட்டால் பயமில்லை, கேட்காவிட்டால்தான் ஆபத்து. செருப்பைக் கொண்டுபோய் ஷூ ஸ்டாண்டில், புது ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வாசலைத் தாண்டும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

பிப்ரவரி 11, புதன்

கஜாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

காரணம் இதுதானாம். லைன்ஸ்மேன் நின்றது நிழல் பக்கத்துக் கோட்டில். கேலரி எதிர்ப்பக்கம். அவ்வளவு தூரம் செருப்பு பறக்குமா என்று கமிட்டியில் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சந்தேகம் வந்தவர் தாம் உட்கார்ந்திருந்த நிழல் பக்கத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கேலரி ஆள் எவன் கோட்டுக்குக் கிட்டே இருந்தான் என்று தேடியிருக்கிறார்கள். கஜா இருந்தான். காலில் செருப்பு இல்லாமல் இருந்தான். விசாரணை முடிந்தது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டேன். கத்தரிக்காய். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று கோமளாவுக்கு இன்னும் தெரியவில்லை.

(பிடிக்கும்.)

பிப்ரவரி 13, வெள்ளி

சம்பந்தி கடைக்கு வரச்சொன்னார். நிச்சயதார்த்தப் பத்திரிகை மாதிரியைக் காட்டத்தான் என்று போனேன். அதையும் காட்டினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தார். உள்ளே நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, இடது கால். அறுந்த வாரை ஒரு பித்தளை வாஷர் கோத்து முடிச்சுப் போட்டுச் சரிசெய்திருந்தது. லிஃப்ட் கதவு ரோலரில் வருகிற வாஷர். உலகத்தில் அப்படி யாரும் செருப்பு தைக்க மாட்டார்கள்.

அவருக்கு அது சிரிப்பாக இருந்தது. புதுச் செருப்பு வாங்க மாட்டார்கள், இப்படி ஒட்டுப் போடத்தான் புத்தி போகும் என்றார். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

போனில் ஒரு வீடியோ காட்டினார். நிழல் பக்கத்திலிருந்து எடுத்தது. எதிரே கேலரி முழுக்கச் செருப்புகள் உயர்ந்து நிற்கின்றன. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே பயமாகத்தான் இருக்கிறது. உள்ளே இருந்தவனுக்கு அது தெரியாது.

"நீங்க அந்த ஏரியாவுல இருந்தவர், சம்பந்தி. உங்களுக்கு என்ன தோணுது?"

"அவங்க வழக்கம்தான் சார், செருப்பு தூக்கறது."

"அந்தக் கோடு போடறவன்?"

"அவன் மைதானத்துக்குள்ள செருப்பே போட மாட்டான் சார்."

கஜாவுக்குச் சாதகமாகத்தான் சொன்னேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். சம்பந்தி மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப கழட்டி எங்கேயோ வெச்சிருந்திருக்கான். கரெக்ட்டு."

நான் பத்திரிகை மாதிரியை எடுத்து எழுத்துப்பிழை தேடினேன். அவங்க என்று சொன்னேன். நாங்க என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 14, சனி

இன்று ஒன்றும் விசேஷமில்லை. தூக்கம் சரியில்லை, உஷ்ணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோப்பை அரையிறுதி. சம்பந்தி காரை அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஷூவுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன்.

எதிரே வெயில் பக்கம் காலி. சிமெண்ட் படிகள் பல் விழுந்த வாய் மாதிரி கிடந்தன. மேளம் இல்லை, விசில் இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூடக் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்றார். சுண்ணாம்புக் கோடு ஒரு இடத்தில் வளைந்திருந்தது. கஜா போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது பாதியில் எதிரணிக்குப் பெனால்டி. பந்தை வைத்துவிட்டு அவன் பின்னால் நடக்கும்போது, காலி கேலரிக்குப் பின்னால் இருக்கிற மதில் சுவருக்கு மேலே ஒரு செருப்பு எழும்பியது. பிறகு இரண்டு. பிறகு சுவர் நீளத்துக்கும். வெளியே மீன்பாடி வண்டிகளை வரிசையாக நிறுத்தி அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். தலை தெரியவில்லை, கையும் செருப்பும் மட்டும் தெரிந்தன. சத்தமே இல்லை. ஒன்றும் கையை விட்டுப் போகவில்லை.

என் இடது கால் ஷூவுக்குள் துடித்தது. லேஸைக் குனிந்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி எழுதிவிட வேண்டியதுதான். இந்தப் பக்கத்தின் அடியில் கால் வழுக்காது என்று போட்டிருக்கிறது.

அன்றைக்கு ஷூ கடித்தது. நாற்காலிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ரப்பர் செருப்புக்கு மாறிக்கொண்டேன். கடைசி நிமிடத்தில் பெனால்டி. நான் எதையும் யோசிக்கவில்லை. செருப்பு எப்படிக் கைக்கு வந்தது என்றே தெரியாது, கை மேலே போயிருந்தது. கோலி பிடித்ததும் எல்லாரும் எழுந்து குதித்தார்கள். நானும் குதித்தேன், கையை வீசினேன். முப்பது வருடம் கேலரியில் கை வீசியிருக்கிறேன், ஒருநாளும் செருப்பு போனதில்லை. அங்கே தோளோடு தோள் இடிக்கும், கையை முழுசாக வீச இடமே கிடையாது. நிழல் பக்கத்தில் நாற்காலிக்கு நாற்காலி ஒரு முழம். கை முழுசாகப் போய்விட்டது. செருப்பும் போய்விட்டது.

லைன்ஸ்மேன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நிழல் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் எதிரே கேலரியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டேன்.

கஜா கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் கேலரியைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

இலக்கியாவிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"நிச்சயம் முடியட்டும்பா. அப்பறம் சொல்லிக்கலாம்."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மகள் சொல்லிவிட்டாள், இனி இது என் கையில் இல்லை. டீ போட்டுக் குடித்தேன். பிறகுதான் உறைத்தது, அவள் இப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவளிடம் போயிருக்கிறேன். மனைவியிடம் போகவில்லை பார்த்தீர்களா.

யாரைக் கேட்கிறேன்? டைரியை.

பிப்ரவரி 18, புதன்

இரண்டு நாளாக வேலையில் ஒரே தவறு. ஒரு இடத்தில் கீழே போகிற பட்டனை அமுக்கினால் லிஃப்ட் மேலே போகும்படி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் இலக்கியா வங்கியிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். ஷூ ஸ்டாண்டில் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னத மறந்துடுப்பா. கஜா மாமாதான் என்ன சைக்கிள்ல வெச்சி ஸ்கூலுக்குக் கொண்டுபோய் வுட்டது. நீ டபுள் ஷிஃப்ட் பாத்தப்ப."

சம்பந்தம் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது, குரலில் கலக்கமில்லை.

"செருப்புக்குப் போற சம்பந்தம்னா இப்பவே போவட்டும்."

கோமளா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனால் ராத்திரி தட்டில் இரண்டு அப்பளம் அதிகமாக இருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். தயாபரன் சார் யாருக்கோ குளியலறைத் தரை காட்டிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் நின்றேன். அவர் ஓய்ந்து கேபினுக்குள் வந்ததும் மேஜைமேல் எடுத்து வைத்தேன். நீல வார். வலது கால். வாஷர் இல்லை, ஆனால் தேய்ந்த தேய்வு ஒன்றுதான்.

அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து கேபின் கதவைச் சாத்தினார். நான் மனசுக்குள் நிச்சயதார்த்த மண்டபத்தைக் காலி செய்துவிட்டேன்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்ல மட்டும், சார்."

"நல்லது. பைக்குள்ள வைங்க."

காபி சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நம்ம பையன் பெனால்டியைப் பிடித்த சந்தோஷம், ஆர்வம், வேறென்ன, அன்றைக்குக் குதித்ததில் என் கண்ணாடிகூடத்தான் கீழே விழுந்துவிட்டது என்றார். கேலரியை ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்துக்குத் திறந்துவிடலாம், கோடு போடுகிறவனை வரச்சொல்லிவிடலாம், லைன்ஸ்மேனுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். பதினொரு நாள் நான் செத்துப் பிழைத்தது ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நோட்டீஸில் நிழல் பக்கம் என்று போடுவீர்களா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

"அது எதுக்கு? அங்க குடும்பங்கள் வருது, சம்பந்தி. பேர் கெட்டுடும். நீங்க ஞாயித்துக்கெழம என் பக்கத்துல உக்காருங்க, எல்லாம் சரியாயிடும்."

கேலரிக்கும் குடும்பங்கள்தான் வருகின்றன. லில்லி அக்கா நாற்பது வருடமாக அங்கே சுண்டல் விற்கிறாள், அவள் பேரனே அந்தப் படியில்தான் நடக்கப் பழகினான். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை மன்னிக்க அவருக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. இதே கதையைக் கஜா இதே மேஜைக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தால், கதவைச் சாத்தியிருக்க மாட்டார், போலீஸுக்குத் திறந்து வைத்திருப்பார்.

பிப்ரவரி 21, சனி

புது நோட்டீஸ்: 'பார்வையாளர் ஒருவரின் காலணி தவறுதலாக மைதானத்துக்குள் விழுந்தது தெரியவந்துள்ளதால் கேலரி திறக்கப்படுகிறது.'

கேலரி என்றபோது செருப்பு, வீசினார்கள். நான் என்றதும் காலணி, தவறுதலாக விழுந்தது. என் கால் பன்னிரண்டு நாளில் எவ்வளவு உயர்ந்துவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

எந்தப் பக்கம் உட்காரப்போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஷூ போடாமல் கிளம்பியதைப் பார்த்து இலக்கியா மட்டும், தயாபரன் மாமா கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சம்பந்தி அனுப்பிய காரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் போனேன். கோமளா வாங்கிவைத்திருந்த புது ரப்பர் செருப்பு.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டேன். கஜா பெனால்டி கட்டத்தில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். போன வாரம் வளைந்திருந்ததை அழித்துப் புதிதாக. நான் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து அவன் முன்னால் போய் நின்றேன்.

"கோட்ட மெரிக்காத."

நகர்ந்து நின்றேன். கஜா, அந்தச் செருப்பு, என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"யாரு சொன்னது?"

"வாஷர் வெச்சி செருப்பு தெக்கிறவன் ஊர்ல எத்தினி பேரு? எனக்கும் ஒண்ணு தெச்சிக் குடுத்தியே. தவிர நான் கொடியாண்டதான் நின்னுனு இருந்தேன். கேலரில அல்லாருக்கும் தெரியும். லில்லி அக்கா பேரன் போன்ல வீடியோவே கீது. வாயத் தொறந்துனு குதிக்கிற, உள்ள கட்லெட்டு தெரிது."

அவன் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான், நான் கூடவே நடந்தேன்.

"அந்தக் கோட்லேர்ந்து கேலரி அறுவத்தெட்டு மீட்டர்டா. நான்தான் அளக்கறேன். அவ்ளோ தூரம் செருப்பு எறியறவன் எங்க ஏரியால இருந்தா ஒலிம்பிக்குக்கு இட்டுனு போயிருப்பாங்க. சொன்னேன். ஒருத்தனும் கேக்கல."

"வீடியோவக் காட்டியிருக்கலாமே கஜா."

"ரெண்டு நாளு பேசினோம். பாதி பேரு காட்டலாம்னாங்க. நானும் காட்டலாம்னுதான் சொன்னேன், பொய் சொல்லல. லில்லி அக்காதான், பொண்ணுக்குப் பூ வெச்சிக்கிறான், வுடு, அவனே வருவான்னுச்சு. வரமாட்டான்னேன்."

கட்டத்தின் மூலைக்கு வந்து வண்டியை நிறுத்தினான். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"செருப்பு போச்சு, கை தவறிப் போச்சு. அது இன்னா பெரிய விசயம், எங்க சித்தப்பனுக்கும் போச்சு. அன்னிக்கி கையத் தூக்கினேனே தேசிங்கு. பாத்துட்டுதான மூஞ்சத் தொடச்ச."

பாத்துட்டுதான் என்றேன்.

அவன் வண்டியின் கைப்பிடியை விட்டான். பிறகு சுண்ணாம்புக் கையால் கேலரியின் முதல் படியைக் காட்டினான்.

"சட்டம் தெரியுமில்ல. ஒரு சீசன்."

புதுச் செருப்பைக் கொண்டுபோய் அவன் சாமான் அறையில் பூட்டி வைத்துவிட்டான்.

மூன்று மணிக்குக் கேலரி நிறைந்தது. யாரும் திட்டவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. ஒரு ஆள் உட்காருகிற இடம் முதல் படியில் விட்டிருந்தார்கள், நான் வருவேன் என்று தெரிந்த மாதிரி. லில்லி அக்கா எனக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்தாள், என்னைத் தாண்டிப் போனாள். இடைவேளையில் வந்து ஒரு பொட்டலத்தை மடியில் போட்டாள். பிரித்துப் பார்த்தேன், எனக்கு மட்டும் மாங்காய் போடவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. என்னைச் சுற்றி இடது செருப்புகள் எழும்பின. எனக்கு மட்டும் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போது எதிரே நிழல் பக்கத்தில் சம்பந்தி நாற்காலியைவிட்டு எழுந்து நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு கேலரியில் யாரையோ தேடுவது தெரிந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

பாக்கெட்டில் கர்ச்சீஃப் இருந்தது. இன்றைக்கு நிஜமாகவே வியர்த்தது.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். செருப்புகளுக்கு நடுவில் ஒரு வெறும் கை. அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மெதுவாக உட்கார்ந்தார்.

பந்து கோலுக்குள் போய்விட்டது. தோற்றுவிட்டோம்.

கேலரி காலியாகும்போது கஜா வலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்தான்.

"ஒரு செருப்பு கொறைச்சலாப் போச்சுடா. அதான்."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். தெரியவில்லை. வலை முகத்தை மறைத்தது.

சம்பந்தி வீட்டிலிருந்து இதுவரை போன் வரவில்லை. இலக்கியா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோசை ஊற்றுகிறாள். கோமளா என் உள்ளங்காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள், இரண்டிலும் கொப்புளம். ஷூ கடித்ததற்கு இது எவ்வளவோ தேவலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். இதுதான் அதிகம் எரிகிறது. கோப்பைதான் முடிந்தது, லீக் சீசனில் இன்னும் ஒன்பது ஆட்டம் இருக்கிறது.